இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே ஒரு சைக்கிள்

எனக்குச் சென்னை வில்லிவாக்கத்தில் வீடு, குரோம்பேட்டையில் வேலை. இரண்டு இடத்திலும் ஸ்டேஷன் இருக்கிறது, இரண்டிலும் மின்சார ரயில் நிற்கிறது. "அப்புறம் என்ன, ரயிலிலேயே போயிடலாமே" என்று கேட்பவர்கள் நிறைய. போகலாம்தான். வில்லிவாக்கத்தில் ஏறி, பெரம்பூர் லோகோ, கேரேஜ், பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் எல்லாம் தாண்டி, சென்ட்ரலில் மூர் மார்க்கெட் பக்கம் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகச் சுரங்கப்பாதையில் நுழைந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பார்க் ஸ்டேஷனுக்குப் போய், தாம்பரம் வண்டிக்குக் காத்திருந்து, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் என்று வந்த திசைப் பக்கமே திரும்பி வர வேண்டும். மேப்பில் வில்லிவாக்கத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள், ஐந்தரை கிலோமீட்டர்கூட வராது. அந்த ஐந்தரைக்காக ரயிலில் ஊரின் மறு முனை வரை போய்வர வேண்டியிருக்கிறது.

அதனால் நான் வில்லிவாக்கத்தில் ரயில் ஏறுவதில்லை. கொன்னூர் நெடுஞ்சாலையில் சைக்கிளை எடுத்து, அயனாவரம் வழியாக மேடவாக்கம் குளம் சாலையைப் பிடித்து, மனநல மருத்துவமனையின் நீளமான மதிலை ஒட்டிப் போய், கீழ்ப்பாக்கம் தாண்டி, கே.எம்.சி. என்கிற கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி அருகே பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து சேத்துப்பட்டில் ரயில் ஏறுகிறேன். சாலைக் கணக்கில் சுமார் 7 கிலோமீட்டர். முப்பது நிமிடம், சிக்னல்கள் மோசமாக இருக்கிற நாளில் முப்பத்தைந்து. ரயில் மாறிப் போய் அதே சேத்துப்பட்டை ஐம்பது நிமிடத்துக்குள் நான் ஒரு நாளும் தொட்டதில்லை.

இது என் ஒருவனுடைய வசதி பற்றிய விஷயம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். சென்னையின் ரயில் பாதைகள் ஏன் இப்படி அமைந்தன என்று பார்த்தால், சைக்கிள் எந்த இடத்தில் பொருந்துகிறது என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ராயபுரம் கடற்கரையை ஒட்டிய இடம். கப்பலிலிருந்து இறங்குவதை உள்நாட்டுக்கும், உள்நாட்டில் விளைவதைக் கப்பலுக்கும் கொண்டு சேர்ப்பதுதான் அந்தப் பாதையின் வேலை. 1873-ல் சென்ட்ரல் வந்தது. அது அகலப்பாதை, தண்டவாளத்துக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர். தெற்கே போகும் பாதை வேறொரு கம்பெனிக்குச் சொந்தம். அது தென்னிந்திய ரயில்வே, மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். அதற்கான பெரிய நிலையமாக எழும்பூர் 1908-ல் திறக்கப்பட்டது. சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் ஒன்றின் வண்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஏறவே முடியாது. டெல்லியிலிருந்து வந்து இறங்கி மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு அந்த இரண்டு கிலோமீட்டரைக் கடந்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும். எழும்பூர் பாதை அகலமாகிவிட்ட பிறகும் நிலையங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, மூட்டைகளும் அப்படியே.

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் வண்டிதான், 2004 வரை ஓடியது. ஊர் அந்தப் பாதையை ஒட்டியே தெற்கே வளர்ந்தது. மேற்கே அரக்கோணம் பாதையை ஒட்டி வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி வளர்ந்தன. வடக்கே கும்மிடிப்பூண்டி பாதையை ஒட்டித் திருவொற்றியூர், எண்ணூர். ஒரு கையை விரித்து வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகமும் கோட்டையும் உள்ளங்கை, பாதைகள் விரல்கள். விரலிலிருந்து உள்ளங்கைக்குப் போவது சுலபம், அதற்குத்தான் போட்டார்கள். ஒரு விரலிலிருந்து பக்கத்து விரலுக்குப் போகத்தான் வழி இல்லை, உள்ளங்கை வரை இறங்கித்தான் ஏற வேண்டும். அன்றைக்கு அப்படிப் போக வேண்டியவர்கள் குறைவு. இன்றைக்கு வேலை கிண்டியில் இருக்கிறது, தரமணியில் இருக்கிறது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய பாரிமுனைக்கே போகாமல் வாழ்க்கை நடத்துகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிற ஊரில், ரயில் மட்டும் எல்லாரையும் பாரிமுனைப் பக்கமே இழுக்கிறது.

பாலத்தின் மேலேயே ஓடும் பறக்கும் ரயில் வந்தபோது இது மாறும் என்று நினைத்தவர்கள் உண்டு. அதுவும் இன்னொரு விரலாகத்தான் முளைத்தது. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. பக்கிங்காம் கால்வாயின் ஓரமாகவே போனதால் நிலம் எடுக்கும் வேலை குறைந்தது, ஆனால் தாம்பரம் பாதையிலிருந்து விலகியே நின்றது. மாம்பலத்தில் இருப்பவர் மயிலாப்பூர் போக வேண்டும் என்று வையுங்கள். ரயிலில் என்றால் வடக்கே பார்க் வரை போய், பார்க் டவுனில் மாறி, சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று மறுபடி தெற்கே வர வேண்டும். யாரும் அப்படிப் போவதில்லை. பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கிறார்கள். சைக்கிளில் தியாகராய நகர், தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை வழியாகச் சுமார் 5 கிலோமீட்டர், நிதானமாக மிதித்தால் இருபத்தைந்து நிமிடம்.

வேளச்சேரியில் முடிந்த அந்தப் பாதையைப் பரங்கிமலை வரை இழுத்துத் தாம்பரம் பாதையோடு சேர்க்க வேண்டும் என்று 2008-ல் வேலை தொடங்கினார்கள். 5 கிலோமீட்டர் பாதை. ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கு வந்த தகராறில் அது பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்தது. அத்தனை ஆண்டுகளும் பாலம் தலைக்கு மேலே பெரும்பகுதி கட்டிய நிலையில் நிற்க, கீழே மக்கள் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனார்கள். அந்த 5 கிலோமீட்டர் முழுக்கச் சமதரை, மேடு பள்ளம் இல்லை. நல்ல சாலையும் இரண்டு முனையிலும் பூட்டி வைக்க ஓர் இடமும் இருந்திருந்தால், அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் சைக்கிளை எடுத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இதே மாதிரி ஒன்றை 2023-லும் பார்த்தோம். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது தண்டவாளம் போடுவதற்காக ஆகஸ்ட் 27-லிருந்து பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். 7 மாதம் என்று சொன்னது 14 மாதமானது, 2024 அக்டோபர் கடைசியில்தான் வண்டி மறுபடி கடற்கரை வரை போனது. வேளச்சேரி, திருவான்மியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாம் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, பார்க்குக்கும் சென்ட்ரலுக்கும் நடந்தார்கள். ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான். காலை எட்டரை மணிக்கு அந்தக் கும்பலைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும்: ஐம்பது கிலோமீட்டர் பாதை இருந்தாலும், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் அறுந்தால் மொத்தப் பயணமும் அங்கேதான் தொங்குகிறது.

சரி, சைக்கிளுக்கு வருவோம். இந்த ஊர் சைக்கிளுக்கென்றே போட்ட தரை. கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 6, 7 மீட்டர் உயரம், அவ்வளவுதான். மேம்பாலங்களை விட்டால் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் எதுவும் இல்லை. வெயில் கடுமைதான், அக்னி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்கே தலை காயும். நான் ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடுவேன், பையில் ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும் இருக்கும். இந்த வழியில் ஓட்டத் தொடங்கிய பிறகு தெரிந்துகொண்ட ஒன்று, காற்று. கோடையில் காலையில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், எனக்கு முதுகுப் பக்கம். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்துவிடும், சாயங்காலம் வில்லிவாக்கம் திரும்பும்போது அதுவும் முதுகுப் பக்கமே தள்ளும். போகும்போதும் வரும்போதும் காற்று உதவுகிற வழி அமைவது பெரிய கொடுப்பினை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வரும்போது இந்தக் கணக்கு மாறிவிடும். அந்த மாதங்களில் மழை நாளாகப் பார்த்து நானும் பஸ்தான்.

சைக்கிள் என்னுடையதுகூட இல்லை. அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்தது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-லிருந்து அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் தருகிறார்களே, அந்தச் சைக்கிள். அவள் கல்லூரிக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கியதும் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. "மாமா, நீங்களே எடுத்துட்டுப் போங்க, இங்க சும்மா துரு புடிச்சிக் கிடக்கு" என்றாள். முன்னால் கூடை வைத்த வண்டி. செயினும் பிரேக் கட்டையும் மாற்றினேன், சீட்டை இரண்டு விரற்கடை ஏற்றினேன். அதிலேயே தினமும் 14 கிலோமீட்டர் போய் வருகிறேன். ஒவ்வொரு தெருவிலும் இப்படி நான்கு சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. புதிதாக வாங்க வேண்டிய அவசியம்கூடப் பல வீடுகளுக்கு இல்லை.

ஆனால் அதைப் பராமரிக்கும் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு நாள் அயனாவரத்தில் பின் டயர் இறங்கிவிட்டது. பஞ்சர் கடை இருந்தது, கம்ப்ரஸர் இருந்தது, காற்றடிக்க முடியவில்லை. என் சைக்கிளில் இருப்பது பழைய மாதிரி வால்வு, உள்ளே சின்ன ரப்பர் வால்டியூப் போட்டுத் திருகுவது. கம்ப்ரஸர் குழாயின் வாய் பைக்குக்கும் காருக்கும் ஆனது, இதில் உட்காராது. கடைக்காரப் பையன் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பெரியவர், பிளாட்பாரத்தில் ஒரு பேசின் தண்ணீரும் ஒரு கைப்பம்பும் ஒரு மரப்பெட்டியும்தான் அவருடைய கடை. டியூபைத் தண்ணீரில் அமுக்கினார், எங்கும் குமிழி வரவில்லை. வால்வைக் கழற்றி அந்த ரப்பரை வெளிச்சத்தில் காட்டினார், ஒரு பக்கம் மயிரிழை மாதிரி வெடித்திருந்தது. பெட்டியிலிருந்து புது வால்டியூபை எடுத்து நகத்தளவு வெட்டி, நாக்கில் ஈரம் தொட்டுச் சொருகி, பம்பால் காற்றடித்தார். மூன்று நிமிட வேலை. அன்றிலிருந்து என் கூடையில் ஒரு முழ வால்டியூபும் ஒரு கைப்பம்பும் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் இப்படி ஒருவருக்கு இரண்டடி இடம் கொடுத்தால் போதும், பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்.

அடுத்தது நிறுத்துமிடம். பெயரைக் கவனியுங்கள், இன்றைக்கும் எல்லாரும் அதைச் "சைக்கிள் ஸ்டாண்டு" என்றுதான் சொல்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் சைக்கிளைத் தேட வேண்டும். வரிசை வரிசையாக பைக், கோடியில் சுவரோரம் நான்கைந்து சைக்கிள், அதுவும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து. முன்பு வேறொரு ஸ்டேஷனில் விட்டுக்கொண்டிருந்தேன். இரவு வந்து பார்த்தால் என் சைக்கிளை இழுத்துக் கூரைக்கு வெளியே தள்ளியிருந்தார்கள், மழையில் நனைந்து சீட் ஊறிக் கிடந்தது, பெல் இல்லை. டோக்கன் கொடுத்தவரிடம் கேட்டால் "வண்டிக்கு இடம் வேணும்ல" என்றார். அவரைப் பொறுத்தவரை சைக்கிள் வண்டிக் கணக்கில் சேரவில்லை. ஒப்பந்தக்காரருக்கு பைக்குக்கு வருகிற காசு சைக்கிளுக்கு வராது, அதனால் அவருக்கு அந்த இடம் நஷ்டம். தனிமனிதரின் மனசைப் பொறுத்து விடுகிற விஷயம் இல்லை இது. டெண்டரிலேயே, கூரைக்குக் கீழே இத்தனை சைக்கிளுக்கு, பூட்டிச் சங்கிலி போட இரும்புக் கம்பியோடு, இடம் ஒதுக்க வேண்டும் என்று எழுதினால்தான் மாறும். இப்போது நான் விடுகிற ஸ்டாண்டில் இருக்கிற அம்மா நல்லவர். என் ஹேண்டில்பாரில் டோக்கனை நூலால் கட்டிவிட்டு, தூணோரம் சங்கிலி போடச் சொல்கிறார். அவர் இல்லாத நாளில் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

சைக்கிளை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போகலாமே என்று கேட்கிறார்கள். வெளியூர் வண்டியில் பார்சல் ஆபீஸில் பதிந்து சரக்குப் பெட்டியில் அனுப்பலாம், நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். தினசரி மின்சார ரயிலில் அது நடக்காது. காலை எட்டு மணி தாம்பரம் வண்டியில் மனிதருக்கே கால் வைக்க இடம் இல்லை. வெண்டர் பெட்டியில் பூக்கூடையும் மீன் கூடையும் வைத்திருப்பவர்கள் அந்த இடத்தை நம்பிப் பிழைக்கிறார்கள், அங்கே நான் சைக்கிளோடு போய் நிற்பது நியாயம் இல்லை. மடக்கு சைக்கிள் ஒரு வழிதான், ஆனால் அதன் விலைக்கு என் சைக்கிள் மாதிரி நான்கு வாங்கலாம். ஆகவே ஒரு முனையில் நல்லபடியாக விட்டுவிட்டுப் போவதற்கான ஏற்பாடுதான் இந்த ஊருக்குப் பொருந்தும்.

வாடகைச் சைக்கிளையும் முயன்று பார்த்தாயிற்று. 2014-லேயே சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019 பிப்ரவரியில் வாடகைச் சைக்கிள்கள் வந்தன. கொஞ்ச காலம் ஆர்வமாக எடுத்தார்கள், நாளடைவில் தேய்ந்துவிட்டது. என் கருத்தில், வாடகைச் சைக்கிள் என்பது எடுக்கிற இடத்திலும் இறக்குகிற இடத்திலும், நடுவே நான்கு இடத்திலும் ஸ்டாண்டு இருந்தால்தான் வேலைக்கு ஆகும். பூங்காவைச் சுற்றி வர அது போதும், ஒன்பது மணிக்கு கார்டு தேய்க்க வேண்டியவர் அதை நம்ப முடியாது. சொந்தச் சைக்கிள் வைத்திருப்பவருக்குப் பூட்ட இடம் கொடுப்பது அதைவிட மலிவு.

இதையெல்லாம்விடக் கடினமான தடை ஒன்று உண்டு, தண்டவாளமேதான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை அது ஊரை நெடுக்காகப் பிளந்த மதில் மாதிரி. மேற்கு மாம்பலத்திலிருந்து தியாகராய நகருக்குப் போக துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை, கோடம்பாக்கம் மேம்பாலம் என்று எண்ணிவிடலாம். எல்லா வாகனமும் அந்தச் சில பொந்துகளுக்குள்தான் நுழைந்தாக வேண்டும். சுரங்கப்பாதையில் சைக்கிளில் இறங்கும்போது தானாக வேகம் எடுக்கும், அது சுகம். அடியில் இருட்டு, ஒரு பக்கம் தண்ணீர் தேங்கிய சேறு, பின்னால் மாநகரப் பேருந்து. ஏறும்போதுதான் சைக்கிள் மெதுவாகும், பஸ்காரருக்குப் பொறுமை போகும், ஹாரன் அந்தக் குகைக்குள் காதைப் பிளக்கும். நல்ல மழை பெய்தால் முதலில் மூடுவதும் இவற்றைத்தான். என் வழியில் ஒரு சுரங்கப்பாதைகூட இல்லை, கூவத்தையும் தாண்ட வேண்டாம். இவ்வளவு நாள் நான் நிம்மதியாக ஓட்டுவதற்கு அதுதான் காரணம், என் தைரியம் இல்லை. என் மனைவி ஓட்டுவதில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அவர் அதில்தான் போகிறார். அவருடைய வேலை இடத்துக்கு அதுதான் சரி. சைக்கிள் எல்லாருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பஸ் நேராகப் போகிற இடத்துக்கு பஸ்தான் நல்லது. பஸ்ஸும் இரண்டு முறை மாறி, ரயிலும் சுற்றி, நடுவே ஐந்தாறு கிலோமீட்டர் தொங்குகிற வழிகளில்தான் சைக்கிளுக்கு நிகர் இல்லை.

மெட்ரோவின் முதல் கட்டமும் பெரும்பாலும் பழைய திசைகளிலேயே போனது. இரண்டாம் கட்டம்தான் முதல் தடவையாக விரல்களைக் குறுக்கே கட்டுகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து மயிலாப்பூர், பனகல் பூங்கா, கோடம்பாக்கம், வடபழனி வழியாகப் பூந்தமல்லிக்கு ஒன்று, சுமார் 26 கிலோமீட்டர். மாம்பலம், மயிலாப்பூர் கதை அதோடு தீரும். மாதவரத்திலிருந்து வில்லிவாக்கம், கோயம்பேடு, ஆலந்தூர், பரங்கிமலை வழியாகச் சோழிங்கநல்லூர் வரை இன்னொன்று, 40 கிலோமீட்டருக்கு மேல். அது முழுதாக ஓடினால் நான் சேத்துப்பட்டுக்கு மிதிக்க வேண்டியதில்லை, நேராகப் பரங்கிமலை போய் அங்கிருந்து குரோம்பேட்டைக்குச் சில நிமிடம்தான். அப்போதும் வீட்டிலிருந்து மெட்ரோ வாசல் வரை ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், சைக்கிள் அதற்கு இருக்கும். வில்லிவாக்கத்தில் பூமிக்கு அடியில் வருகிற அந்த நிலையத்துக்கு வேலை நடக்கிறது. தகர வேலி போட்ட ஓரமாகத்தான் தினமும் போகிறேன். வேலியில் இடைவெளி கிடைக்கிற இடத்தில் எல்லாம் காலை ஊன்றி உள்ளே எட்டிப் பார்ப்பேன். வாசல் எந்தப் பக்கம் வருகிறது, அதை ஒட்டிக் கூரை போட்டு நாற்பது சைக்கிள் நிறுத்தும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்க்கத்தான்.